பூஜ்ஜியம் விழுந்த ஊர்

கருமலையாற்றுப் படுகையில் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு ஊர்கள். அவற்றில் முந்நூற்றுப் பதினொன்றின் கதை செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு ஊர் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அதைக் கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்று மாலை நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் புரியாத ஒன்று மேஜைமேல் கிடந்தால் அவளுக்குக் காப்பிகூடத் தொண்டையில் இறங்காது. ஐம்பத்து நான்கு வயதுக்குமேல் இந்தக் குணம் மாறப்போவதும் இல்லை.

அது 2051ஆம் வருடம். செண்பகம் படுகைக் கணிப்பு அலுவலகத்தின் தலைமைக் கணிப்பாளர். கருமலையாறு பெயருக்குத்தான் ஆறு. வருடத்தில் இருபது நாள் தண்ணீர் ஓடினால் அந்த வருடம் செழிப்பு என்று பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட படுகையில் எந்த ஊர் இன்னும் ஐம்பது வருடத்துக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கும், நிலத்தடியில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்வதுதான் இந்த அலுவலகத்தின் வேலை. சொல்வது ஓர் இயந்திரம். அரசாங்கம் அதற்கு வைத்த நீளமான பெயர் யாருக்கும் நினைவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அது ஜோசியர்தான்.

ஜோசியரின் வெற்றிக்கு ஒரே காரணம், அது தண்ணீரை மட்டும் பார்க்காமல் மனிதரையும் பார்த்ததுதான். அதற்கு முன்னால் வந்த இயந்திரங்கள் மழையையும் மண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டு மண்ணைக் கவ்வின. தண்ணீர் தானாகத் தீர்வதில்லை, ஆள் எடுத்தால்தான் தீரும் என்கிற சின்ன விஷயம் பெரிய படிப்பாளிகளுக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. ஜோசியருக்குப் பிறப்பு, இறப்பு, பள்ளிச் சேர்க்கை, குடும்ப அட்டை, கல்யாணப் பதிவு எல்லாம் போகும். பத்து வருடமாக அது சொன்னது ஏறக்குறைய அப்படியே நடந்துவந்தது.

பிடி கொடுக்காத அந்த ஊரின் பெயர் ஆவாரங்கரை. அதன் தண்ணீர்ச் செலவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி 2074இல் பூஜ்ஜியம் ஆகிறது. பூஜ்ஜியம் விழுந்த ஊர்கள் படுகையில் இன்னும் இருபத்தொன்று உண்டு. ஆனால் அங்கெல்லாம் முதலில் தண்ணீர் தீரும், பிறகு ஜனங்கள் கிளம்புவார்கள். ஆவாரங்கரையில் நிலத்தடி நீர் கடைசிவரை அப்படியே நிற்கிறது. ஆள்தான் தீர்ந்துபோகிறது.

வெறும் ஆர்வம் என்றால் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம். இந்தமுறை அப்படியில்லை. புதிதாக ஓர் அரசாணை வந்திருந்தது. இனி யாருக்கும் தேவைப்படாத நிலத்தடி நீரை ஐம்பது வருடத்துக்குப் புதிய தொழில்நகருக்கு ஒதுக்குவது என்பது அந்த ஆணை. பூஜ்ஜியம் விழுந்த ஊர்களில் தண்ணீர் மிச்சமுள்ளது ஆவாரங்கரை ஒன்றுதான். மாத முடிவுக்குள் செண்பகம் கையெழுத்திட்டால் மறுமாதமே துளைபோடும் வண்டிகள் அங்கே போய் நிற்கும். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஜோசியரைப் பேணிக்காக்கும் பொறியாளர் ஞானதிரவியத்தை அழைத்து, அந்த ஊரில் முதலில் எது குறைகிறது என்று தேடச் சொன்னாள். அவன் கொஞ்சநேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மருமக வரத்து மேடம். முன்னெல்லாம் வருஷத்துக்கு எட்டு பத்து பொண்ணுங்க கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்திருக்காங்க. ரெண்டாயிரத்து நாப்பதுல இருந்து அது விழுந்துபோச்சு. கடைசி மூணு வருஷத்துல ஒரு பொண்ணுகூட வரல. அப்புறம் பசங்க ஒவ்வொருத்தனா ஊரைவிட்டுப் போயிடுறான்."

"ஏன் வரலையாம்?"

"அது ஜோசியருக்குத் தெரியாது. வரலைங்கிறதுதான் தெரியும். இதுக்கு நாம கல்யாணப் புரோக்கரைத்தான் கேக்கணும்."

செண்பகம் புரோக்கரைக் கேட்கவில்லை. மறுநாள் காலை ஜீப்பை எடுத்துக்கொண்டு நேராக ஆவாரங்கரைக்கே போனாள்.

அறுபது கிலோமீட்டர். வழியெல்லாம் சீமைக்கருவேலம். ஊருக்குள் நுழைந்ததும் அவள் கவனித்தது சத்தம் இல்லாததைத்தான். மற்ற ஊர்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருக்கும். இங்கே கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது தெளிவாகக் கேட்டது. வீடுகள் வரிசையாகச் சுத்தமாக இருந்தன. ஆனால் மூன்றில் ஒன்று பூட்டிக் கிடந்தது.

ஊராட்சித் தலைவி முத்துப்பேச்சிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணிப்பு அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் அவள் முகம் இறுகியது. வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நடந்தாள். செண்பகம் பின்னாலேயே போனாள்.

ஆற்று மணலில் மார்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. அதன் அடியில் இரண்டு கை அகலத்துக்குத் தெளிந்த தண்ணீர். ஒரு பெண் உள்ளே குந்தி உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு வீடு அள்ளி முடித்ததும் தண்ணீர் மறுபடி ஊறும்வரை பொறுத்திருந்துதான் அடுத்த வீடு இறங்கும். முறைப் பட்டியல் ஊராட்சிச் சுவரில் எழுதியிருக்கும். அன்றைய கடைசி முறைக்காரர் குழியை மணலால் மூடிவிட்டுப் போகவேண்டும். வெயில் ஒரு சொட்டுகூட குடித்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இதையெல்லாம் முத்துப்பேச்சி வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னாள். செண்பகம் விடாமல் கேட்டுக்கொண்டே போனதால் மெல்ல மெல்லக் குரல் இளகியது.

மோட்டார் ஏன் போடவில்லை என்று கேட்டபோது, ஊர்க்கட்டுப்பாடு என்றாள்.

"எங்கூர்ல நல்ல தண்ணி மேல நிக்கிது, உப்புத்தண்ணி அதுக்குக் கீழ. மெதுவா எடுத்தா நல்லது வந்துக்கிட்டே இருக்கும். மோட்டாரப் போட்டு உறிஞ்சினா ரெண்டே மாசத்துல உப்பு மேல ஏறிரும். ஏறுனது இறங்காது. எங்க தாத்தா காலத்துல ஒருத்தரு போட்டாரு. அந்தக் கிணறு இன்னைக்கும் உப்புதான். அதுல இருந்து இந்த ஊருக்குள்ள மோட்டார் கிடையாது."

செண்பகத்துக்கு உடம்பு சிலிர்த்தது. இதே விஷயத்தை அவள் முப்பது வருடத்துக்கு முன்னால் தடித்தடிப் புத்தகங்களில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறாள். ஓர் ஊரே சேர்ந்து அதைக் கடைப்பிடிப்பதை இப்போதுதான் பார்க்கிறாள். கூடவே இன்னொன்றும் புரிந்தது. தொழில்நகரின் ராட்சத மோட்டார்கள் இங்கே இறங்கினால் ஐம்பது வருடமெல்லாம் இல்லை, ஒரு கோடைகூடத் தாங்காது.

இவ்வளவு தண்ணீர் இருந்தும் பெண் கொடுக்க ஏன் தயங்குகிறார்கள் என்று அவள் கேட்டாள். முத்துப்பேச்சி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்க ஆபீஸ்தான் காரணம். வேற யாரு?"

பிறகு கொட்டித் தீர்த்தாள். பெண் வீட்டார் வருவார்கள், சாப்பிடுவார்கள், தண்ணீர் குடித்துவிட்டு இளநீராட்டம் இருக்கிறது என்பார்கள். ஊருக்குத் திரும்பியதும் தோதுப்படவில்லை என்று போன் வரும். அவள் தம்பி இருளப்பனை மட்டும் இதுவரை ஒன்பது குடும்பங்கள் வந்து பார்த்திருக்கின்றன. ஜாதகம் பொருந்தும், பையனைப் பிடிக்கும், ஊரின் எண் பிடிக்காது. இப்போதெல்லாம் பொருத்தம் பார்க்கும்போதே செல்போனில் ஊர்க்கணிப்பையும் பார்த்துவிடுகிறார்களே.

செண்பகம் இடைமறித்தாள். ஊர்வாரிக் கணிப்பு வெளியானதே நாற்பத்தொன்றில்தான். கல்யாணங்கள் அதற்கு முன்னாலேயே குறைய ஆரம்பித்துவிட்டன. அப்படியிருக்க அலுவலகத்தின்மேல் பழி போடுவது எப்படி நியாயம் என்றாள். உள்ளுக்குள் கொஞ்சம் வெற்றிக்களிப்புகூட இருந்தது.

"நானும் அப்படித்தான் யோசிச்சேன்" என்றாள் முத்துப்பேச்சி. "அதனால விடல. வேண்டாம்னு சொன்ன வீடு ஒவ்வொண்ணுக்கும் போயி, உங்களுக்கு யாரு சொன்னாகன்னு கேட்டேன். அவுக ஒரு வீட்டைக் காட்டுவாக. அங்க போனா இன்னொரு வீடு. ரெண்டு வருஷம் அலைஞ்சேன். கடைசியா வந்து நின்னது ஒரு கல்யாணப் பந்தியில. முப்பத்தொம்பதுல, ஆவணி மாசம், சிவலிங்கபுரம் ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணம். தண்ணி ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு பொம்பளை இலையில கைய வச்சுக்கிட்டே சொல்லிச்சாம், ஆவாரங்கரையா, அங்க பூஜ்ஜியம்னு. அது யாருன்னுதான் தெரியல."

செண்பகத்துக்கு அந்தக் கூடத்தின் வெக்கை நினைவுக்கு வந்தது. ரைஸ்மில்காரர் அவளுக்கு ஒன்றுவிட்ட மாமா. ஜோசியரை ஓட்டிப்பார்க்க ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை வேலைக்குப் போகும் பொம்பளை என்று ஒதுங்கி நின்ற சொந்தக்காரர்கள் அன்று அவளைச் சுற்றி உட்கார்ந்து ஊர் ஊராகக் கேட்டார்கள். அது தேறுமா, இது தேறுமா என்று. அவளும் பாயசம் வருவதற்குள் பத்துப் பதினைந்து ஊர்களின் தலையெழுத்தைச் சொல்லி முடித்தாள். சோதனை ஓட்டம்தான் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாளா? நினைவில்லை. பெருமையாக இருந்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

சொல்லாமல் ஜீப்பில் ஏறிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"அந்தப் பொம்பளை நான்தான்" என்றாள்.

முத்துப்பேச்சி குழியிலிருந்து மேலேறி வந்த பெண்ணிடம் செம்பை வாங்கி, தண்ணீர் நிரப்பி, செண்பகத்திடம் நீட்டினாள்.

"குடிங்க. குடிச்சிட்டுச் சொல்லுங்க, பூஜ்ஜியமான்னு."

செண்பகம் குடித்தாள். நல்ல தண்ணீர்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்" என்றாள் முத்துப்பேச்சி. "எதை வச்சு அப்படிச் சொன்னீக? வந்து அளந்தீகளா?"

அளக்கவில்லை. அந்தச் சோதனைக்கு மோட்டார் மீட்டர்களிலிருந்து கணக்கு எடுத்தார்கள் என்று செண்பகம் சொல்லத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்தினாள். இங்கே மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாததால் மீட்டர் இல்லை. ஆவாரங்கரைக்கு நேரான கட்டம் வெறுமனே இருந்திருக்கும். வெறுமனே இருந்த கட்டத்தை ஜோசியர் பூஜ்ஜியம் என்று படித்திருக்கும். இந்தப் படுகையிலேயே தண்ணீரைக் கண்ணும் கருத்துமாகச் செலவழித்த ஊரை, தண்ணீரே எடுக்காத ஊர் என்று கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பிறகு குடும்ப அட்டைக் கணக்கும் உள்ளே வந்ததும் அந்தப் பிழை யாருக்கும் தெரியாமலே சரியாகிவிட்டது. அதற்குள் அவள் வாயிலிருந்து கிளம்பிய பூஜ்ஜியம் வீடு வீடாகப் போய், வரவேண்டிய மருமகள்களை நிறுத்தி, மறுபடி ஜோசியருக்குள்ளேயே உண்மையான பூஜ்ஜியமாக வந்து சேர்ந்திருக்கிறது.

கூடி நின்றவர்களில் ஒருவன் முன்னால் வந்தான். முப்பத்து நான்கு வயது, காதோரம் லேசான நரை. அவன்தான் இருளப்பன். திட்டுவான் என்று செண்பகம் எதிர்பார்த்தாள்.

"எனக்கு ஆனது ஆகிப்போச்சு மேடம். தண்ணியையாவது விட்டுவைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

மறுநாள் அலுவலகத்தில் அவள் செய்த முதல் வேலை, நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் ஓர் அறிக்கையாக எழுதியது. முப்பத்தொன்பதில் தவறாகச் சொல்லப்பட்டது, சொன்னது நான், ஆவாரங்கரையில் தண்ணீர் உண்டு. இதை வெளியிட்டால் என்ன நடக்கும் என்று ஜோசியரைக் கேட்கச் சொன்னாள். பூஜ்ஜியம் 2074இலிருந்து 2077க்குத் தள்ளிப்போனது. மூன்றே வருடம்.

ஞானதிரவியம் காரணத்தைத் தோண்டி எடுத்தான். இதற்கு முன் பதினான்கு ஊர்களின் கணிப்பைத் திருத்தி வெளியிட்டிருக்கிறார்கள். பதின்மூன்றில் ஜனங்கள் பழைய எண்ணைத்தான் நம்பினார்கள்.

"யாரோ சொல்லித் திருத்திட்டாங்கன்னு நினைப்பாங்க மேடம். கெட்டதைச் சொன்னா உடனே நம்புவாங்க, அப்புறம் நல்லதுன்னு மாத்திச் சொன்னா சந்தேகப்படுவாங்க. ஜோசியர் இதையெல்லாம் நம்ம ஜனங்ககிட்டதான் கத்துக்கிச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கையாலே ஒரு எண்ணைப் போட்டுரவா? ஒரு ஊர்தானே. யாருக்கும் தெரியாது."

செண்பகம் மறுத்தாள். ஓர் எண்ணைக் கையால் தொட்டால் மீதி முந்நூற்றுப் பதினொன்றையும் தொட்ட மாதிரிதான் என்றாள். வாயால் தொட்டதே இந்தப் பாடு படுத்துகிறது.

வாயால் போனதை வாயால்தான் திருப்ப முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அண்ணன் மனைவி பொன்னுத்தாய்க்கு அறுபது வயது. சொந்தத்துக்குள் பொன்னுத்தாய் காதில் போட்டால் போதும், நாற்பது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அன்று மதியமே போன் செய்தாள். ஆவாரங்கரையில் நல்ல தண்ணீர் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன், குடித்தேன், பெண் கொடுக்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள் என்றாள்.

மறுமுனையில் பொன்னுத்தாய் சற்று யோசித்தாள்.

"அன்னைக்கு இல்லைன்னே. இன்னைக்கு இருக்குங்கிறே. ரெண்டுல எதை நம்புறது செம்பகம்?"

"இப்பச் சொல்றதை நம்புங்க மதினி."

"சரி, ஒண்ணு கேக்கேன். நீ அங்க போயி இருப்பியா?"

செண்பகம் அப்புறம் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அதை மிரட்டலாகவோ குத்தலாகவோ அவள் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு எந்தக் கேள்வியையும்போல அதற்கும் விடை தெரிந்தாகவேண்டும் என்றுதான் தோன்றியது. கணவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. அரசாங்கக் குடியிருப்பில் இரண்டு அறைகள், ஒரு மீன்தொட்டி. அங்கே இருந்தாலும் இங்கே இருந்தாலும் ஒரே ஆள்தான். மறுநாள் ஞானதிரவியத்திடம், கணித்தவரே அந்த ஊரில் குடியேறினால் என்ன ஆகும் என்று ஜோசியரைக் கேட்கச் சொன்னாள். அவன் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டுத் தட்டினான்.

வழக்கமாக ஒரு நொடியில் பதில் வரும். அன்று இருவரும் டீ குடித்து முடித்தும் வரவில்லை. கடைசியில் திரையில் இரண்டு வரிகள் வந்தன.

கணிக்க இயலவில்லை. முன்நிகழ்வு இல்லை.

ஞானதிரவியம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். பன்னிரண்டு வருடத்தில் ஜோசியர் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல்முறை. அதிகாரிகள் பூஜ்ஜியம் விழுந்த ஊரிலிருந்து கிளம்பிப் போனதை அது ஆயிரம்முறை பார்த்திருக்கிறது. பூஜ்ஜியம் போட்ட கையே அங்கே குடிபோனதைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஆளை ஜனங்கள் நம்புவார்களா, பைத்தியம் என்பார்களா என்று அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

செண்பகம் அரசாணையை எடுத்து மறுபடி படித்தாள். யாரும் பயன்படுத்தாத ஒரு பிரிவு அதில் இருந்தது. கணிக்க இயலாத ஊரின் நீரை அடுத்த கணிப்புவரை, அதாவது ஐந்து வருடத்துக்கு, யாருக்கும் ஒதுக்கக்கூடாது.

"ஊகம்னா அறிக்கையில ஏறாது மேடம்" என்றான் ஞானதிரவியம். "நிஜமா நடந்திருக்கணும். குடும்ப அட்டையில முகவரி மாறியிருக்கணும். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு."

ஏழு நாளில் மாறியது. ஆவாரங்கரையில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கா பஞ்சம்? முத்துப்பேச்சி ஒன்றைத் திறந்து வெள்ளையடித்துக் கொடுத்தாள். மீன்தொட்டியை ஞானதிரவியம் எடுத்துக்கொண்டான். மேலதிகாரி போனில் கத்தினார், இதெல்லாம் என்ன கூத்து என்றார். ஓர் அதிகாரி எந்த ஊரில் குடியிருக்கலாம் என்பதற்கு விதி ஏதும் இல்லை என்பதைச் செண்பகம் பணிவாக நினைவூட்டினாள். கடைசி நாளன்று முந்நூற்றுப் பதினோரு ஊர்களுக்கு எண்ணும், ஓர் ஊருக்கு இரண்டு சொற்களும் எழுதிய அறிக்கையில் கையெழுத்திட்டாள்.

ஞானதிரவியத்துக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. நீங்கள் போயும் ஒரு பெண்கூட அந்த ஊருக்கு வராவிட்டால் ஐந்து வருடம் கழித்து என்ன செய்வீர்கள் என்று கேட்டான்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் போறேன்" என்றாள் செண்பகம்.

தினமும் காலை ஆறரை பஸ்ஸில் அலுவலகம் போய் மாலை திரும்பிவந்தாள். ஊற்றில் அவளுக்கு மாலை முறை கொடுத்திருந்தார்கள். சிரட்டையால் அள்ளும் பழக்கம் இல்லாததால் முதல் வாரம் முழங்கை வீங்கியது. குழிக்குள் உட்கார்ந்து தண்ணீர் ஊறக் காத்திருக்கும்போது மட்டும் மனசு லேசாகும். மணலின் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் கசிகிறது, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வேறுபாடு உண்டா என்றெல்லாம் குறிப்பெடுக்கத் தொடங்கியிருந்தாள். ஊர்க்காரர்கள் அவளிடம் அளவாகத்தான் பேசினார்கள். பன்னிரண்டு வருடத்தை மூன்று மாதத்தில் மறக்கச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. இருளப்பன் மட்டும் ஒருநாள் வந்து, ஒன்றும் பேசாமல், கூரையில் ஒழுகிய ஓடுகளை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. பொன்னுத்தாய் இறங்கினாள். கூடவே சொந்தத்தில் இரண்டு பெண்கள். மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறார்களோ என்று முத்துப்பேச்சி பதறி ஓடிவந்தாள்.

"மாப்பிள்ளையெல்லாம் இல்ல. இவளைப் பாக்கத்தான் வந்தோம்" என்றாள் பொன்னுத்தாய்.

நிஜமாகவே அவளைத்தான் பார்த்தார்கள். பெண் பார்க்கும்போதுகூட யாரும் அவளை அப்படி ஆராய்ந்ததில்லை. பொன்னுத்தாய் அவள் கூந்தலைப் பிரித்து விரலில் சுற்றி இழுத்தாள், உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டுமே. பல்லைக் காட்டச் சொன்னாள். அடுப்படிக்குப் போய் வெந்நீர்ப் பானையைக் கவிழ்த்து உள்ளே தடவினாள். விரலில் உப்பின் வெள்ளைப்பொருக்கு ஒட்டவில்லை. பருப்பை எவ்வளவு நேரம் வேகவைக்கிறாய் என்று கேட்டு, கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியாகக் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு நின்றுகொண்டே குடித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"மில்லுக்காரர் வீட்டுக் கல்யாணத்துல உன் பக்கத்து இலையில உக்காந்திருந்தது யாருன்னு நினைவிருக்கா?"

செண்பகத்துக்கு நினைவில்லை.

"நான்தான். நீ என்னவோ ஒரே ஒரு தடவைதான் சொன்னே செம்பகம். நான் நாப்பது வீட்ல சொன்னேன். எங்க நாத்தனா ஆபீஸ்ல பெரிய வேலை, அவளே சொல்லிட்டான்னு பெருமையாச் சொன்னேன்."

முத்துப்பேச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடம் அலைந்து தேடிய ஆட்களில் ஒருத்தி குடிவந்து நாலு மாதமாகிறது, இன்னொருத்தி இதோ அவள் ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கத்த நினைத்தவள்போல வாயைத் திறந்தாள். கத்தவில்லை. வீடுகளின் பேர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"நாப்பதும் இருக்கு. நாப்பதுக்கும் நானே போறேன்" என்றாள் பொன்னுத்தாய். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட வந்தவர்களிடம் வேனைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னாள். பிறகு முத்துப்பேச்சியைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆனா இன்னைக்கு வந்து இன்னைக்கே போனா எவ நம்புவா? ஒரு செம்பு குடிச்சிட்டுப் பேசுறியான்னு கேப்பாளுக. ஒரு மாசம் இருந்துட்டுத்தான் போவேன். சுவத்துல எனக்கும் ஒரு ஊத்து முறை எழுதுத்தா."